செருமல்

முப்பத்தோராவது கல்லுக்குச் செரும மறந்துவிட்டேன். வாப்பாவின் இடுக்கி அதைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வலது பக்கத்துச் சிவப்புக் குவியலை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அது சிவப்பு இல்லை. ரோஸ். அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிற எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. நிறம் பிரிக்கிறவர் அவர்தான். முப்பது வருஷமாக இந்தப் பாங்காக்கில், இந்தத் தெருவில், சிவப்புக் கல் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில், நெய்னா எதைச் சிவப்பு என்றாரோ அதுதான் சிவப்பு; ரோஸ் என்றால் பாதி விலைகூடக் கிடைக்காது. நான் செருமினேன். தாமதமாக, அசிங்கமாக, ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி. இடுக்கி வெள்ளைத் தாளுக்கு நாலு விரல் மேலே அப்படியே நின்றது. பிறகு யோசித்து முடிவெடுத்தது போல இடது பக்கம் திரும்பி, ரோஸ் குவியலில் கல்லை இறக்கியது. “கொஞ்சம் மயக்குது,” என்றார் வாப்பா, மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி. “உம்மையே மயக்குற கல்லு இன்னும் பூமியில இருந்து வரலையே நெய்னா,” என்றார் கல்லுக்குச் சொந்தக்காரரான மீரான் ஹாஜியார். சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். அவர் சட்டையின் முதுகில் வியர்வை ஒரு இலை மாதிரிப் படர்ந்திருக்கிறது, அந்த இலை இப்போது பெரிதாகிக்கொண்டே போகிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

இன்னும் ஆறு கல். ஆறுதான். ஆறாவதை நான் பார்க்காமல் இருக்க முயற்சி செய்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தாளின் அந்த ஓரத்தில், மற்றதெல்லாம் எடுத்து முடிக்கிறவரை தனியாகக் கிடக்கிறது, பெரிய கல், சுண்டுவிரல் நகம் அளவு. பெரிய கல்லைக் கடைசியில் எடுப்பது வாப்பாவின் பழக்கம். மொத்தம் முப்பத்தேழு, முப்பத்தேழாவது அது. அது மயக்குகிற கல் இல்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றிய ரோஸ்மில்க். மேஜைக்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ரோஸ். ஹாஜியார் பார்த்திருப்பார், எதிரே இருக்கிற மாலியும் பார்த்திருப்பாள். மாலி தாய்லாந்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், கல் வாங்க வந்தவள். இருபது வருஷமாக இவர்களிடம்தான் வாங்குகிறாள், இருபது வருஷமாக வாப்பா மடித்துக் கொடுக்கிற தாளைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. அதுதான் இங்கே முறை. வாப்பா பிரிப்பார், பிரித்து முடித்துச் சிவப்பை ஒரு தாளிலும் ரோஸை ஒரு தாளிலும் வைத்து மடிப்பார், குறுக்கே ஒன்று, நெடுக்கே இரண்டு, மடித்து “தீர்ந்தது” என்பார். அதற்குப் பிறகு எவனும் அதைத் திறக்க மாட்டான். திறந்தால் நெய்னாவின் முகத்தில் துப்புகிற மாதிரி. ஹாஜியார்தான் எனக்கு இதைச் சொன்னார், நான் கடைக்கு வந்த முதல் நாள், பெருமையாக, லிஃப்டுக்குள் வைத்து. “உங்க வாப்பா கண்ணை நம்பித்தான்டா நான் முப்பது வருஷமாத் தூங்குறேன்.” லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றது. “வாப்பாவுக்கு எல்லாம் சௌக்கியந்தானே?” என்றார். சௌக்கியம் என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சார், ஏன்டா பாதியில் எழுந்து போறே என்று கேட்டபோது, “நீங்க நடத்துறது எனக்குப் புரியல சார், உங்களுக்கும் புரியல” என்று சொல்லிவிட்டு வந்தவன் நான், அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை. எல்லாம் தெரிந்தும் லிஃப்டுக்குள் மட்டும் சௌக்கியம் என்று எப்படிச் சொன்னேன்?

முப்பத்திரண்டு சிவப்பு. சிவப்புக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒன்றும் செய்யாமல் வெள்ளை அட்டையைக் கல்லுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குத்தான் நான் என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. பையன் படிப்பை விட்டுட்டான், தொழில் கத்துக்கட்டும். சிவப்புக் குவியலில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நல்ல சத்தம். ஏசி ஓடுகிறது, ஆனால் ஓடுகிற சத்தம்தான், காற்று இல்லை, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் ஒரு பெயிண்ட் வாளி வைத்திருக்கிறார்கள். வடக்கு ஜன்னல் திரையில்லாமல் திறந்து கிடக்கிறது, நிறம் பார்க்கிற இடத்தில் திரை போடக் கூடாது, லைட் போடக் கூடாது, பகல் பத்திலிருந்து பன்னிரண்டு வரை வடக்கு வெளிச்சம் மட்டும். ஏப்ரல் மாதம். முப்பத்தைந்து டிகிரி என்று தெருமுனைப் பலகையில் சிவப்பு எழுத்தில் ஓடியது, காலையில் ஒன்பதரை மணிக்கே. எங்கள் கீழக்கரையிலும் வெயில் உண்டு, ஆனால் அங்கே வெயில் மேலே இருக்கும், நாம் கீழே இருப்போம். இங்கே வெயில் ஈரத்துணி மாதிரி மூஞ்சியில் ஒட்டிக்கொள்கிறது, உரித்து எடுக்க முடியவில்லை. மூச்சு விட்டால் வெந்நீர் குடிக்கிற மாதிரி. கீழே தெருவில் பிள்ளைகள் கத்துகிறார்கள். நாளை மறுநாள் இவர்களுக்கு வருஷப் பிறப்பு, மூன்று நாள் ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும், பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை, இன்றைக்கே பிளாஸ்டிக் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். காலையில் வரும்போது ஒரு கிழவர் ஒரு கிண்ணத்தில் வெள்ளை மாவைக் குழைத்து வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர் கன்னத்தில் எல்லாம் தடவினார், என் கன்னத்திலும் தடவினார், வாப்பா கன்னத்திலும் கை கொண்டுபோனார். வாப்பா பயந்து பின்னால் துள்ளினார். கை நேராக முகத்துக்கு வருகிறது, அவருக்குத் தெரியவில்லை, விரல் பட்ட பிறகுதான் தெரிந்தது. கிழவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் கையைக் கூப்பினார். வாப்பா எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல், பக்கத்திலிருந்த மின்கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார்.

சிரித்தார். நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது. நான் இங்கே பார்க்க வந்தது வேறு. பெரிய பெரிய மால், ஆகாயத்தில் ஓடுகிற ரயில், வாய்க்காலில் பஸ் மாதிரிப் போகிற படகு, எல்லாம் போனில் பார்த்து வைத்திருந்தேன். வாப்பா என்னை வரச் சொன்ன அன்றைக்கு உம்மா அழுதது, எனக்குச் சிரிப்பாக இருந்தது. பதினேழு வருஷத்தில் முதல் தடவை, உவைஸை அனுப்பி வை, என்னோட ஒரு மாசம் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார், நாற்பது நாள் இருப்பார், நாற்பது நாளும் வீட்டில் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் தைலம் கொடுப்பார், எனக்கும் தைலம் கொடுப்பார். எனக்கு எதற்குத் தைலம்? ஆனாலும் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நிற்கிறார், நான் கையை ஆட்டுகிறேன், அவர் என்னைத் தாண்டி எங்கோ பார்க்கிறார். கோபம் வந்தது. மகனையே அடையாளம் தெரியலையா? பக்கத்தில் போய் “வாப்பா” என்றவுடன் முகமெல்லாம் விரிந்து, “வந்துட்டியா வாப்பா” என்று இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சலாகப் பேசினால் அவர் என்னையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். விரலால் பார்க்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும், பாசம் என்று நினைத்தேன். மூன்றாவது நாள் பெரிய பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப் போனார். குளத்துக்கரையில் நடக்கிறோம், நடைபாதைக்குக் குறுக்கே ஒரு உடும்பு கிடக்கிறது, உடும்பு என்றால் நம்மூர் உடும்பு இல்லை, ஒரு ஆள் நீளம், நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறது. நான் நின்றுவிட்டேன். வாப்பா நிற்கவில்லை. பேசிக்கொண்டே நேராக அதன் மேல் நடக்கிறார். “வாப்பா, உடும்பு!” என்று கத்தினேன். கால் அதன் வாலுக்கு ஒரு சாண் முன்னால். “தெரியுது தெரியுது,” என்றார். தெரியவில்லை. அது தண்ணீருக்குள் சரிந்து இறங்கிய சத்தம் கேட்டுத்தான் அவர் தலையைத் திருப்பினார், அதுவும் வேறு பக்கம். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம், “கண்ணுக்கு நடுவுலதான் இல்ல. ஓரத்துல எல்லாம் இருக்கு,” என்றார். வீட்டுக்குள் ஏதோ ஒரு சாமானைத் தேடுகிற மாதிரிச் சொன்னார்.

முப்பத்துமூன்று. ரோஸ். செருமினேன், இந்தத் தடவை சரியான நேரத்தில், சின்னதாக. இடுக்கி இடது பக்கம் போனது. ஹாஜியார் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “என்னடா, வந்ததுல இருந்து செருமிக்கிட்டே இருக்கே. காசமா? நெய்னா, உம்ம மகனை நல்ல டாக்டர்ட்ட காட்டும்.” டாக்டர் என்ற சொல்லில் வாப்பாவின் காது மடல் அசைந்தது, எனக்குத் தெரிந்தது. “ஏசி ஒத்துக்கல அவனுக்கு,” என்றார். “இந்த ஏசியா? இது செத்து ஒரு வருஷம் ஆச்சே, நான்தான் இன்னும் அடக்கம் பண்ணல,” என்றார் ஹாஜியார். மாலி என்ன என்று கேட்டாள், அவர் அவள் பாஷையில் சொன்னார், அவள் அய்யோ என்பது போல ஒரு சத்தம் கொடுத்துக் கைப்பையைத் துழாவினாள். இந்த ஊரில் எல்லோரும் ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள், விரல் அளவு, மூடியைத் திறந்து மூக்கில் வைத்து உறிஞ்சுகிறார்கள், ரயிலில், கடையில், கோயிலில், எல்லா இடத்திலும். அதை எடுத்து என் மூக்கருகே நீட்டினாள். வாப்பாவின் தைல வாசனை. அப்படியே வாப்பாவின் சட்டைப் பெட்டியைத் திறந்த மாதிரி. அப்புறம் ஒரு மாத்திரை மிட்டாயைப் பிரித்து என் வாயிலேயே போட்டுவிட்டாள். “இனி இருமல் போச்சு,” என்றாள், தமிழில். இவர்களோடு இருபது வருஷம் இருந்து பத்து இருபது தமிழ் வார்த்தை வைத்திருக்கிறாள், அதில் இதுவும் ஒன்று. ஹாஜியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் வாயில் மிட்டாயோடு நிற்கிறேன். நாக்குக்கு அடியில் அது குளிர்ந்து பரவுகிறது. தொண்டை பாலிஷ் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இனி செருமினால் நடிப்பு. இரண்டு பேருக்கும் தெரிந்துபோகும். செருமாவிட்டாலும் தெரிந்துபோகும், வேறு விதமாக.

முப்பத்துநான்கு சிவப்பு. அல்ஹம்துலில்லாஹ். நான் தொழுவதே அபூர்வம், இந்தக் கல்லுக்கு மட்டும் இவ்வளவு சொல்கிறேன். முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஹாஜியாருக்குத் தெரியாமல், ஊர்க்காரர்கள் போகாத தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி, இரண்டு ரயில் மாறிப் போனோம். வாப்பாவுக்குத் தாய்லாந்துப் பாஷை கடையில் பேசுகிற அளவுக்குத்தான், டாக்டருடைய இங்கிலீஷுக்கு நான்தான் வழி. என்னுடைய இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் புரிந்தது. சுகர். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது. இந்த வாரமே ஊசி, கண்ணுக்குள் ஊசி, மாதம் ஒன்று, பிறகு லேசர். செய்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம். செய்யாவிட்டால் ஓரமும் போகும். எவ்வளவு நாளில் என்று கேட்டேன். டாக்டர் சின்ன வயது அம்மா, என்னை உற்றுப் பார்த்துவிட்டு, நாள்கணக்கு இல்லை, ஆனால் தள்ளிப்போடாதே என்றார். அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. வாப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், யாரோ ஒருவருடைய கண்ணைப் பற்றிக் கேட்கிற மாதிரி. வெளியே வந்ததும், “உம்மாட்ட சொல்லாத,” என்றார். “ஊசி எப்ப வாப்பா?” “தண்ணித் திருநாள் முடியட்டும்.” “அப்புறம்?” “மழை வரட்டும், யாவாரம் ஓயட்டும், அப்பப் பார்த்துக்கலாம்.” “அதுக்குள்ள ஓரமும் போயிடும்னு அந்தம்மா சொல்லிச்சு.” அவர் நின்றார். ஆஸ்பத்திரி வாசலில், அந்த வெயிலில், கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கண்ணைத் திறக்கவே முடியாமல், கையைக் குடை மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்: “உவைஸு, இந்தத் தெருவுல நெய்னாவுக்குக் கண்ணு போச்சுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். கண்ணு போகக்கூட வேண்டியதில்ல.” ரயிலில் என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். பார்க்கிறவர்களுக்கு வாப்பாவும் மகனும் ஒட்டிக்கொண்டு போகிற மாதிரித்தான் இருந்திருக்கும்.

அதுதான் என்னைக் குத்துகிறது, அங்கேதான் திரும்பத் திரும்ப வந்து மாட்டிக்கொள்கிறேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. என் கண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். என்னோட ஒரு மாசம் இருக்கட்டும். உம்மா அழுதாள் சந்தோஷத்தில், பெட்டியில் கருவாடு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே வாப்பா ஒரு மாதுளம்பழம் வாங்கி உடைத்து, முத்தை எல்லாம் வெள்ளைத் தட்டில் கொட்டி, “பழுத்தது சிவப்பு, வெளுத்தது ரோஸ், பிரி,” என்றார். பிரித்தேன். “இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு வாப்பா, இது எதுல?” “நடுவுல இருக்கிறதுக்குத்தான் இத்தனை வருஷமா நான் இருக்கேன்.” “சரி, இது எதுல, சொல்லுங்க.” அவர் தட்டின் மேல் குனிந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், கோழி பார்க்கிற மாதிரி. அப்புறம் அந்த முத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “புளிக்குது,” என்றார். “ரோஸ்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது, இரண்டு பேரும் அந்தச் சின்ன அறையில் தரையில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்தோம். பதினேழு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அதை நான் என்ன செய்ய? அதை எந்தக் குவியலில் போட? முப்பத்தைந்து. சிவப்பா? சிவப்புதான். இல்லை, கொஞ்சம் ரோஸ். நடுவில் இருக்கிறது. நான் செருமவில்லை, மிட்டாய் ஒரு பக்கக் கன்னத்தில் நிற்கிறது. வாப்பா காத்திருந்தார், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, வலது பக்கம் வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாலி விசிறிக்கொண்டிருக்கிறாள். அப்போ அது சிவப்பு. நான் சிவப்பு என்றால் சிவப்பு. இந்த அறையில் இப்போது நெய்னா என்பது நான். ஹாஜியார் முப்பது வருஷமாக நம்பித் தூங்குகிற கண் பத்து நாளைக்கு முன்னால் விமானத்தில் வந்து இறங்கியது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாளைக்கும் இப்படித்தான், திருநாள் கழிந்தும் இப்படித்தான், என் விசா முடிகிறவரை செருமிக்கொண்டே நிற்பேன். பிறகு? விசாவை நீட்டுவார். நான் இங்கேயே நிற்பேன், அவர் தோளுக்குப் பின்னால், அவர் ஓரம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், ஒருநாள் தாளும் தெரியாது, இடுக்கியை நானே கல்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும். அப்போதும் ஊசிக்கு மழை வரட்டும் என்பார். ஒவ்வொரு செருமலும் அவருக்கு நல்லது என்று நினைத்துச் செய்கிறேன், ஒவ்வொரு செருமலுக்கும் ஒரு நாள் தள்ளிப்போகிறது, தள்ளிப்போடாதே என்றார் அந்தம்மா. அப்போ நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அவர் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், மகன் கையாலேயே. இல்லை, இது எல்லாம் நல்ல பிள்ளை பேசுகிற பேச்சு. உள்ளே வேறு ஒன்றும் இருக்கிறது. விமான நிலையத்தில் என்னைத் தாண்டிப் பார்த்தாரே, அதுவும் இருக்கிறது. தைலமும் இருக்கிறது. எது எதற்காக என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

முப்பத்தாறு சிவப்பு, யாருக்கும் சந்தேகமில்லாத சிவப்பு, டிக். இன்றைக்குக் காலையில் படியிறங்கும்போது, ஒவ்வொரு படியையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இறங்கினார், பதினெட்டு, கீழே வந்ததும் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “ரோஸ்னா செருமு. சிவப்புன்னா சும்மா இரு. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம் வாப்பா.” இப்போது தாளில் அது ஒன்றுதான் கிடக்கிறது. வாப்பாவின் இடுக்கி அதைத் தேடுகிறது, அதற்குப் பக்கத்தில் வெறும் தாளை ஒரு தடவை கவ்வுகிறது, பிறகு பிடித்துவிடுகிறது. தூக்குகிறார். நான் அட்டையைப் பின்னால் பிடிக்கிறேன். ரோஸ். அட்டை முழுக்க ரோஸ், ஜன்னல் வெளிச்சம் அதற்குள் போய் அட்டையில் ஒரு சின்ன ரோஸ் பொட்டாக விழுகிறது. வாப்பா கல்லைச் சுற்றுகிறார். நிறுத்துகிறார். முகத்தை மெதுவாக என் பக்கம் திருப்புகிறார். கல்லைப் பார்க்க அவர் கல்லை விட்டு வேறெங்காவது பார்க்க வேண்டும், அப்போதுதான் ஓரத்தில் அது கொஞ்சமாவது விழும், அதனால் அவர் நேராக என் முகத்தைப் பார்க்கிறார். என் முகம் இருக்கிற இடத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அவர் முகம் முழுக்கத் தெரிகிறது. கன்னத்தில் காலையில் அந்தக் கிழவர் தடவிய மாவு காய்ந்து வெடித்திருக்கிறது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வாயிலிருந்த மிட்டாயைக் கடித்தேன். நொறுங்கியது. விழுங்கினேன். தொண்டையில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, இப்போது எது வேண்டுமானாலும் வரும். கீழே ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள் தண்ணீரை இறைத்துக்கொண்டு போகிறார்கள், கூச்சல் தெருமுனை திரும்பி அடங்குகிறது. வாப்பா காத்திருக்கிறார். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. தாடியைச் சொறிந்துகொண்டார். எனக்கு நேரம் கொடுக்கிறார். யாரும் எனக்கு இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது. பிறகு அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது, நிம்மதி மாதிரி, அப்பாடா சிவப்புதான் என்கிற மாதிரி. இடுக்கி வலது பக்கம் போனது. டிக். சிவப்புக்கு நடுவில் அது ஒரு பல் மாதிரித் தெரிகிறது.

வாப்பா சிவப்புக் குவியலைத் தாளில் வைத்து மடித்தார். குறுக்கே ஒன்று. நெடுக்கே இரண்டு. அவர் விரலுக்குக் கண் வேண்டாம், ஓரம் ஓரத்தோடு கச்சிதமாகச் சேர்ந்தது. “தீர்ந்தது,” என்று சொல்லி மேஜையின் நடுவில் தள்ளினார். ஹாஜியாரின் கையில் மணி நின்றுவிட்டது. “நெய்னா,” என்றார். மாலி ஹாஜியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அந்தத் தாளை எடுத்துக் கைப்பையில் வைக்காமல், மேஜை மேலேயே வைத்து, மெதுவாகப் பிரித்தாள். ஒரு மடிப்பு. இரண்டு. அந்தச் சரசரப்பு எவ்வளவு சின்னச் சத்தம். வாப்பாவின் தலை சட்டென்று அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. முப்பது வருஷத்தில் அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை, ஆனாலும் என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதுகில் இருந்த வியர்வை இலை அசையவில்லை. பிறகு, அவர்கள் பக்கம் திரும்பாமல், என் பக்கம், நான் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மெல்லக் கேட்டார்: “தொண்டை சரியாப் போச்சா வாப்பா?”

ரோஸ்னா செருமு என்றுதான் சொன்னார். வேறு ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. நான் செருமவில்லை.